தஞ்சாவூர் டு யாழ்ப்பாணம்: ஒரு முதுகுப் பை, இருபதாயிரம் ரூபாய்!

"நான் ஃபாரின் போறேன்."

ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னதும் வீட்டில் மூணு பேரும் மூணு விதமா ரியாக்‌ஷன் கொடுத்தாங்க. அம்மா கையில் கரண்டியோட, "வேலை கிடைச்சிருச்சாடா தம்பி?"ன்னாங்க. அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காம, "அரியர் எத்தனை வச்சிருக்க?"ன்னார். அப்பாயி மட்டும்தான் உருப்படியா ஒரு கேள்வி கேட்டாங்க. "எந்த ஊருக்கு?"

"சிலோனுக்கு அப்பாயி."

"அட, ரேடியோவுல தெனம் பாட்டுப் போடுவானே, அந்த ஊரா? போயிட்டு வா. நல்லாத் தமிழ் பேசுவாங்க."

விசா கிடைக்கிறதுக்கு முன்னாடியே அப்பாயி விசா கொடுத்துட்டாங்க!

பேக்பேக்கிங்னு சொன்னாலே நம்ம மண்டைக்குள்ள ஒரு போட்டோ ஓடும். முதுகில் ஆளுயரப் பை, கையில் மேப், பின்னாடி ஸ்விட்சர்லாந்து மலை. அந்தப் போட்டோவுக்கும் ஒரு சிவில் மூணாவது வருஷ மாணவனோட பர்ஸுக்கும் ஏழு கடல், ஏழு மலை தூரம். எங்ககிட்ட மலை இல்லை. ஆனா கடல் ஒண்ணு இருக்கே, அதைத் தாண்டினா என்ன?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. தஞ்சாவூரிலிருந்து சென்னை சுமார் 340 கி.மீ. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 80. நாகையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலிருக்கிற காங்கேசன்துறை கடல் வழியா சுமார் 110. மொத்தம் 190. அதாவது எங்க டெல்டாக்காரங்களுக்குத் தலைநகரத்தை விட வெளிநாடு பக்கம்!

கப்பல் வந்த கதை

இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் கப்பல் ஓடினது புதுசு இல்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியிற வரைக்கும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போச்சு. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ஓடி, போர் தொடங்கின 1980-களில் அதுவும் நின்னுபோச்சு. 2009-ல் போர் முடிஞ்சு, 2023 அக்டோபர் 14-ம் தேதி நாகை - காங்கேசன்துறை கப்பலைத் தொடங்கி வச்சாங்க. மழைக்காலம் வந்ததும் சில நாளிலேயே நிறுத்தினாங்க. 2024 ஆகஸ்ட்டில் 'சிவகங்கை'ங்கிற கப்பலோட திரும்ப ஆரம்பிச்சுது. நான் போனது 2025 ஜூன், செமஸ்டர் லீவில்.

பட்ஜெட் இருபதாயிரம். அதில் பதினஞ்சு என் காசு. பக்கத்துத் தெருப் பசங்களுக்கு டியூஷன் எடுத்ததும், இந்த மாதிரி எழுதினதுக்கு வந்ததும். மீதி அஞ்சாயிரம் அப்பா கொடுத்தது. தை அறுவடையில் நெல் வித்த காசிலிருந்து எடுத்து, எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். "செலவு பண்ணிட்டு வா. ஏமாந்துட்டு வராதே" - இதுதான் அவரோட மொத்த அட்வைஸ்.

அந்த ரெண்டாவது வாக்கியத்தை நான் கொஞ்சம் ஓவராவே மனசில் வாங்கிக்கிட்டேன். அந்தக் கதைக்கு வர்றேன்.

முதல்ல பேப்பர் வேலை. தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கு. சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். போலீஸ் விசாரணை முடிஞ்சு கைக்கு வர்ற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, லீவுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே விண்ணப்பிச்சிடுங்க. அடுத்தது 'ஈ.டி.ஏ.'ங்கிற மின்னணு அனுமதி. இந்தியா உட்பட ஏழு நாட்டுக்காரங்களுக்குக் கட்டணம் இல்லைன்னு 2023-ல் அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் விதிகள் பல தடவை மாறியிருக்கு. அதனால இலங்கை அரசோட சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்க. தேடினா முதல்ல வந்து நிக்கிறது பெரும்பாலும் சர்வீஸ் சார்ஜ் வாங்குற தனியார் தளம். அங்க காசைக் கட்டிட்டு முழிக்காதீங்க!

கப்பலுக்குப் போக வர எட்டாயிரத்து ஐந்நூறு ஆச்சு. பட்ஜெட்டில் ஏறக்குறைய பாதி கடலிலேயே போச்சு. மிச்சம் பதினொண்ணரை ஆயிரத்தில் ஆறு ராத்திரி, ஏழு பகல். அப்போ ஒரு இந்திய ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய். காசு மாத்தினதும் பர்ஸ் உப்பிப்போய் நானும் ஒரு தொழிலதிபர் மாதிரி நடந்தேன். முதல் சாப்பாட்டு பில்லைப் பார்த்ததும் நடை நார்மல் ஆயிடுச்சு.

கெதியும் ஆறுதலும்

முந்தின நாள் ராத்திரி நாகூரில் கிளாஸ்மேட் வீட்டில் தங்கி, காலையில் துறைமுகம். நாலு மணி நேரக் கடல். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்துவிட்டிருந்தாங்க. ஊரில் எல்லாரும் குறுவை வேலையில் இருக்க, நான் மட்டும் கப்பலில் வாந்தி வராம இருக்க எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு இருந்தேன்.

காங்கேசன்துறையில் இறங்கினதும் எல்லாரும் ஆட்டோவை நோக்கி ஓடினாங்க. பேக்பேக்கர் ஓடக்கூடாது. விசாரிக்கணும். யாழ்ப்பாணம் அங்கிருந்து இருபது கி.மீ.க்குள்ளதான். பஸ் இருக்கு. ரயிலும் இருக்கு. போரால் 1990-ல் நின்ன வடக்கு ரயில், 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் திரும்ப வந்துச்சு. நான் பஸ் ஏறினேன். ஏறினதும் முன்னாடி காலியா இருந்த சீட்டில் ஜம்முனு உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்ன ஒரு ஐயா மெதுவா மேலே கைகாட்டினார். முன் சீட்டு மதகுருமாருக்கு ஒதுக்கினது! இலங்கை பஸ்ஸில் இது வழக்கம். எழுந்து, நின்னுக்கிட்டே போனேன்.

தமிழ் பேசுற ஊர்தானே, மொழி பிரச்னை இல்லைன்னு நினைச்சுத்தான் போனேன். கண்டக்டர், "கெதியா ஏறுங்கோ"ன்னார். 'கெதி'ன்னா சீக்கிரம்னு பின்னாடி தள்ளினவர் புரியவச்சார். ஸ்டாண்டில் இறங்கி அவசரமா வழி கேட்டா, ஒரு அண்ணன், "ஆறுதலா போகலாம் தம்பி"ன்னார். நான் என்ன துக்கத்திலயா இருக்கேன், எதுக்கு ஆறுதல்னு முழிச்சேன். அங்க 'ஆறுதலா'ன்னா நிதானமா! ஆமாங்கிறதுக்கு 'ஓம்', அழகா இருந்தா 'வடிவு', பேசினா 'கதைக்கிறது', பிரெட்டுன்னா 'பாண்', வெஜிடேரியன்னா 'மரக்கறி'. அரை நாளில் பழகிடும். பழகினதும் செலவும் குறையும். மரக்கறிச் சாப்பாடுன்னு கேட்டா, நாலஞ்சு கறியோட தட்டு நிறையச் சோறு வரும். ஒரு வேளை அது போதும். ராத்திரிக்கு இடியாப்பமும் சொதியும்.

யாழ்ப்பாணத்தில் பெரிய அனுபவங்களுக்குப் பெரிய காசு தேவையில்லை. நல்லூர் கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ஒரே ஒரு ரூபாய், அதுவும் இலங்கைக் காசில்! ஆண்கள் சட்டையைக் கழட்டிட்டுத்தான் உள்ளே போகணும். கீரிமலைக் கேணியில் கடலைப் பார்த்துக்கிட்டே குளிக்கலாம். 1981-ல் எரிக்கப்பட்டு, சுமார் 97,000 நூல்களை இழந்த பொது நூலகம் இப்போ வெள்ளை வெளேர்னு எழுந்து நிக்குது. அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க. செல்ஃபி அப்புறம் எடுத்துக்கலாம்.

ஆயிரம் ரூபாய் 'வெற்றி'

இப்போ அந்தக் கதை.

தங்கறதுக்கு ஹோட்டல் பார்க்காம, வீட்டில் அறை வாடகைக்கு விடுறவங்களைத் தேடினேன். நல்லூர்ப் பக்கம் ஒரு சந்தில், முத்தத்தில் மாமரம் நிக்கிற ஒரு ஓட்டு வீடு. அறுபது வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு. தனியா இருக்காங்க. அறை சுத்தம். ஃபேன் சுத்துது. கிணத்துத் தண்ணி.

"கப்பலாலயோ வாறீங்கள்? இருங்கோ தம்பி. ஒரு நாளைக்கு மூவாயிரத்து ஐந்நூறு."

நம்ம காசுக்கு ஆயிரம் ரூபாய். நியாயமான விலைதான். அது எனக்கும் தெரியும். ஆனா பயணம் போறதுக்கு முன்னாடி நான் படிச்ச அத்தனை பேக்பேக்கிங் டிப்ஸிலும் ஒரு விஷயம் பொதுவா இருந்துச்சு: சொன்ன விலையை ஒருநாளும் கொடுக்காதே. கூடவே அப்பா சொன்ன 'ஏமாந்துட்டு வராதே'. ரெண்டும் சேர்ந்து உள்ளே இருந்த வியாபாரியை எழுப்பிவிட்டுருச்சு.

"ஸ்டூடன்ட்மா... ரெண்டாயிரம்னா ரெண்டு நாள் இருப்பேன்."

"ரெண்டு காணாது தம்பி. கரண்ட் பில்லே எவ்வளவு வருது..."

நான் பையைத் தூக்கித் தோளில் போட்டேன். போற மாதிரி ரெண்டடி வச்சேன். (டிப்ஸில் இதுவும் இருந்துச்சு.) அந்த அம்மா ஒரு நிமிஷம் வாசலைப் பார்த்தாங்க. அன்னிக்கு வேற யாரும் வர்ற மாதிரி தெரியலை.

"சரி, ரெண்டரை தாங்கோ."

அஞ்சாயிரம் அட்வான்ஸா கொடுத்துட்டு, அறைக்குள் போய் செலவு நோட்டை எடுத்து எழுதினேன்: 'சேமிப்பு - 2 x 1,000!' ஆச்சரியக்குறி நானே போட்டது. ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் வேற மெசேஜ் தட்டிவிட்டேன். 'மச்சான், முப்பது பர்சென்ட் அடிச்சுட்டேன்டா!'

மறுநாள் காலையில் ரூம் கதவைத் தட்டி, "புட்டு அவிச்சனான், வந்து சாப்பிடுங்கோ"ன்னாங்க. பேரத்தில் சாப்பாடு கிடையாது. நான் தயங்க, "ஒரு ஆளுக்கு மட்டும் அவிக்க ஏலாது தம்பி"ன்னுட்டாங்க. புட்டு, சம்பல், வாழைப்பழம், தேத்தண்ணி.

பேச்சு ஊர்ப் பக்கம் திரும்புச்சு.

"அப்பா என்ன செய்யிறவர்?"

"விவசாயம்மா. நெல்லு. திருவையாறு பக்கம்."

"நெல்லோ? அப்ப கஷ்டம் தெரிஞ்ச பிள்ளை. என்ன விலை போகுது அங்க?"

நான் சொல்ல ஆரம்பிச்சேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க. குறுவை அறுக்கிற நேரம் பார்த்து மழை பிடிச்சுக்கும். களத்தில் நெல் நனையும். காயவைக்க வெயில் இருக்காது. அப்போதான் வெளி வியாபாரி பைக்கில் வருவார். நெல்லைக் கையில் அள்ளி, ஒண்ணைக் கடிச்சுப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார். மூட்டைக்கு நூறு ரூபாய் குறைச்சுச் சொல்வார். அப்பா யோசிச்சா, பைக்கை ஸ்டார்ட் பண்ணுவார். ரெண்டடி நகர்வார். அப்பா, "சரி, எடுத்துக்குங்க"ம்பார்.

ரெண்டடி.

சொல்லிக்கிட்டே இருந்தவன் அந்த இடத்தில் நின்னுட்டேன். புட்டு தொண்டையில் இறங்கலை.

அந்த அம்மா என்னைக் குத்திக்காட்டினதா இன்னிக்கும் எனக்குத் தோணலை. அவங்க பாட்டுக்குத் தேத்தண்ணியை ஆத்திக்கிட்டே சொன்னாங்க. "விக்கிறவனுக்குக் கெதி. வாங்கிறவன் ஆறுதலா நிப்பான். எல்லா ஊரிலயும் பேரம் எண்டா அவ்வளவுதான் தம்பி."

முந்தின நாள் நான் கத்துக்கிட்ட ரெண்டே ரெண்டு வார்த்தை. மொத்தப் பொருளாதாரத்தையும் அதுக்குள்ள அடக்கிட்டாங்க. 2022 நெருக்கடியில் காஸ் சிலிண்டருக்கு விடிய விடிய வரிசையில் நின்னது, கிடைக்காம விறகில் சமைச்சது, அதுக்கப்புறம்தான் இந்த அறையை வாடகைக்கு விட ஆரம்பிச்சது... அப்புறம் அவங்க சொன்னதெல்லாம் பாதிதான் காதில் ஏறுச்சு. என் நோட்டில் ஆச்சரியக்குறியோட இருந்த ரெண்டாயிரம் மட்டும் கண் முன்னாடி நின்னுச்சு. நம்ம காசுக்கு ஐந்நூத்து எழுபது சொச்சம். நாங்க நாலு பேர் பிரியாணி சாப்பிட்டா ஒரே வேளையில் காலியாகிற காசு.

அப்பவே எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கலை. ஏன்னு கேட்டா, வெட்கம். கொடுத்தா நான் செஞ்சதை நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே! மறுநாள் "போயிட்டு வர்றேன்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு ரயில் ஏறிட்டேன்.

புது ரூல்

வடக்கு ரயிலில் மூணாம் வகுப்பு. அனுராதபுரத்துக்கு நம்ம காசில் முந்நூறு ரூபாய்க்குள் முடிஞ்சுது. ஜன்னலில் பனைமரம் குறையக் குறைய, நான் நோட்டில் புது ரூல் ஒண்ணு எழுதினேன்: 'என் சொகுசில் குறை. அடுத்தவர் கூலியில் குறைக்காதே.'

சொல்றது ஈஸி. கணக்கு இடிக்குமே? இடிக்கலை. அதுதான் ஆச்சரியம். ஏ.சி. அறை வேண்டாம், ஃபேன் போதும். பாட்டில் தண்ணிக்குப் பதில் வீட்டில் காய்ச்சின தண்ணியைக் கேட்டு நிரப்பிக்கிட்டேன். ஆட்டோவில் போற தூரத்துக்குப் பஸ், பஸ்ஸில் போற தூரத்துக்கு நடை. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை குடிக்கிற ஜூஸை ஒரு தடவையா ஆக்கினேன். பேரம் பேசிச் சேர்த்ததை விட இதில் சேர்ந்தது அதிகம்.

அனுராதபுரத்தில் ஒரு ராத்திரி. அங்கிருந்து ஹபரணை வழியா பஸ் பிடிச்சுப் பொலன்னறுவை. எங்க ஊர்க்காரன் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். சோழர்கள் இலங்கையைப் பிடிச்சப்போ தலைநகரமா வச்சுக்கிட்ட ஊர். 'ஜனநாதமங்கலம்'னு பேர் வச்சாங்க. தொல்லியல் பகுதிக்குள் போக வெளிநாட்டுக்காரங்களுக்குக் கட்டணம் டாலரில். கேட்டா தலை சுத்தும். ஆனா சார்க் நாட்டுக்காரங்களுக்குப் பாதிதான். பாஸ்போர்ட்டைக் காட்டணும். ஹோட்டலில் பத்திரமா வச்சுட்டுப் போயிட்டீங்கன்னா முழுக் கட்டணம்! எனக்கு நம்ம காசில் 1,200 ஆச்சு.

உள்ளே சுத்த வாடகை சைக்கிள். கடைக்காரர் சிங்களவர். என்னைப் பார்த்ததும், "மல்லி, மல்லி"ன்னார். நான் கொத்தமல்லி விக்கிறவர்னு நினைச்சுட்டேன். சிங்களத்தில் 'மல்லி'ன்னா தம்பி. 'அய்யா'ன்னா அண்ணன். அன்னிக்கு முழுக்க நான் அவரை அய்யான்னேன், அவர் என்னை மல்லின்னார். ரெண்டு பேருக்கும் லாபம். அவர் சொன்ன வாடகையை முதல் தடவையா அப்படியே கொடுத்தேன். அவர்தான் ஒரு மாதிரி பார்த்தார்!

அங்கே இரண்டாம் சிவாலயம்னு எண் போட்டுச் சொல்ற ஒரு கற்றளி இருக்கு. அதோட அந்தக் காலத்துப் பேர் வானவன்மாதேவீச்சரம். சின்னக் கோயில். முழுக்கக் கல். சின்ன வயசிலிருந்து பார்த்த அதே விமானம், அதே மாடக்குழி. நம்ம தஞ்சாவூரை யாரோ மடிச்சுப் பைக்குள் வச்சு எடுத்துட்டு வந்து இங்க விரிச்ச மாதிரி. பெருமையா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே பெருமையா இருந்துச்சு.

அப்புறம் இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் செலவுக்கு வருமானம் கொடுக்க விட்ட ஊர்களில் ஈழத்து ஊர்களும் வருது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க விளைஞ்ச நெல்லில் ஒரு பங்கு எங்க ஊர்க் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கு. ராஜராஜன் பேரமெல்லாம் பேசலை. நேரா எடுத்துக்கிட்டார். நான் ரெண்டடி நடந்து எடுத்துக்கிட்டேன். அளவுதான் வித்தியாசம்!

சாயங்காலம் பராக்கிரம சமுத்திரத்தின் கரையில் நடந்தேன். பேர்தான் சமுத்திரம், ஏரிதான். 12-ம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு பெருசாக்கின ஏரி. கரையில் நடக்கக் காசு கிடையாது. கீழே கண்ணுக்கெட்டின வரை வயல். இலங்கையோட பழைய ஏரிகளில் 'பிசோகொடுவ'ன்னு ஒரு அமைப்பு உண்டு. மதகுக்கு முன்னாடி சதுரமா ஒரு கிணறு கட்டி, தண்ணியோட வேகத்தை அதில் அடக்கி வெளியே விடுவாங்க. கல்லணையைப் பார்த்து வளர்ந்த சிவில் பையனுக்கு அது போதும். அரை மணி நேரம் கரையிலேயே உட்கார்ந்துட்டேன். தண்ணியைச் சும்மா விட்டா கரையை அரிக்கும். வேகத்தை அடக்கி விட்டா வயலுக்குப் போகும். சிக்கனத்துக்கும் ஏறக்குறைய இதே டிசைன்தான்னு தோணுச்சு.

பாக்கி

ஆறாவது நாள் திரும்ப யாழ்ப்பாணம். கால் தானா அந்தச் சந்துக்குப் போச்சு.

"வந்திட்டீங்களோ? இருங்கோ" - அறையைத் திறந்துவிட்டாங்க. நான் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். இன்னிக்கு வாடகை மூவாயிரத்து ஐந்நூறு, அன்னிக்குக் குறைச்ச ரெண்டாயிரம். வழியெல்லாம் ரிகர்சல் பண்ணின டயலாக் எதுவும் வாயில் வரலை. "அது... அன்னிக்கு... நான்..."

அவங்க எண்ணிப் பார்த்தாங்க. ரெண்டாயிரத்தைத் தனியா எடுத்து என் கையில் வச்சாங்க.

"அது கதைச்சு முடிச்ச காசு தம்பி. கதைச்சது கதைச்சதுதான். இண்டைக்கு மூவாயிரத்து ஐந்நூறு, அது சரி."

அவ்வளவுதான். கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. மூவாயிரத்து ஐந்நூறை அலமாரியில் வச்சுட்டு, "ராவைக்கு இடியப்பம்"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

அந்த ரெண்டாயிரம் ரூபாய் இன்னும் என் செலவு நோட்டுக்குள்ளேதான் இருக்கு. மாத்தலை. அடுத்த தடவை போறப்ப செலவு பண்ணணும். ஆனா பேரம் பேசாம!

ஊருக்கு வந்து கணக்கைக் காட்டினேன். அப்பா கண்ணாடி போட்டுக்கிட்டு வரிவரியா படிச்சார்.

தஞ்சை - நாகை போக வர: 150
கப்பல்: 8,500
ஆறு ராத்திரி தங்கல்: 5,000
சாப்பாடு, தேத்தண்ணி: 3,200
பஸ், ரயில், சைக்கிள்: 1,900
பொலன்னறுவை டிக்கெட்: 1,200
சிம் கார்டு: 450
இதர: 500
மொத்தம்: 20,900

"தொள்ளாயிரம் கூடப் போச்சேடா?"ன்னார். 'சேமிப்பு'ன்னு எழுதி அடிச்சிருந்த வரியைக் காட்டி, "இது என்ன?"ன்னார். நடந்ததைச் சொன்னேன். வியாபாரியோட பைக், ரெண்டடி, எல்லாத்தையும். அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. நோட்டை மூடிக் கொடுத்துட்டு, "ஏமாறாதேன்னுதான் சொன்னேன்"னார். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வாய்க்காலில் தண்ணி வந்துருச்சான்னு பார்க்கப் போயிட்டார்.

பையில் போட்டுக்கங்க... சில டிப்ஸ்!

* வடகிழக்குப் பருவமழை மாசங்களில் நாகைக் கப்பலை நம்பிப் பிளான் போடாதீங்க. மற்ற மாசங்களிலும் கடல் மோசமானா கப்பல் ரத்தாகலாம். திரும்புற நாளுக்கும் காலேஜ் திறக்கிற நாளுக்கும் நடுவில் ரெண்டு நாள் இடைவெளி கட்டாயம்.

* கப்பல் கட்டணமும் லக்கேஜ் எடை அளவும் அடிக்கடி மாறுது. புக் பண்ற அன்னிக்கே பாருங்க. எதுக்கும் பை பத்து கிலோவைத் தாண்ட வேண்டாம். மூணு செட் துணி, துவைக்க ஒரு சோப்பு. வேற என்ன வேணும்?

* 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் நம்ம யு.பி.ஐ. செல்லும். ஆனா அதுக்கான கியூ.ஆர். இருக்கிற கடைகளில் மட்டும்தான். பஸ்ஸிலும் சின்னக் கடையிலும் ரொக்கம்தான். காசை ரெண்டு இடத்தில் பிரிச்சு வைங்க.

* ஆட்டோவில் ஏறுறதுக்கு முன்னாடி, 'பிக்மீ' மாதிரி ஆப்பில் அந்தத் தூரத்துக்கு என்ன ரேட்னு பார்த்துக்கங்க. நியாய விலையைத் தெரிஞ்சுக்கிறது வேற, நியாய விலையை உடைக்கிறது வேற. முதலாவதைச் செய்ங்க.

* கோயில், விகாரைக்குத் தோளும் முழங்காலும் மூடுற மாதிரி டிரெஸ். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தா அங்கே பெரிய அவமரியாதை.

* சார்ஜருக்கு அடாப்டர் எடுத்துட்டுப் போங்க. பல இடத்தில் மூணு சதுரக் கால் பிளக்தான். வாட்சில் நேரம் மாத்த வேண்டாம். அங்கேயும் இதே நேரம்தான்.

* 2025 நவம்பர் கடைசியில் அடிச்ச டிட்வா புயலில் இலங்கையின் ரயில் பாதைகள், குறிப்பா மலையகப் பாதை, மோசமா சேதமாச்சு. நான் போனது அதுக்கு முன்னாடி. கண்டி, எல்ல பக்கம் போற ஐடியா இருந்தா எந்த ரயில் எதுவரை ஓடுதுன்னு விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. ஊர் எழுந்துக்கிட்டு இருக்கிற நேரத்தில் நீங்க பேசாம விடுற ஒவ்வொரு பேரமும் உதவிதான்.

* கடைசியா, ஒரு சின்ன நோட்டு. செலவை எழுத. 'சேமிப்பு'ன்னு எழுதுறப்ப மட்டும் அது யாரோட காசுன்னு ஒரு தடவை யோசிச்சுக்கங்க. கெதியா இல்லை... ஆறுதலா!